வளவில் டவர் இருக்கு, அறைக்குள் இல்லை: செட்டிநாட்டு ஓட்டல், கடை, மண்டபங்களுக்கு எது உதவும்?

காரைக்குடியில் கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை என்று விசாரித்தால் மூன்று பதில்கள் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஒரு பூஸ்டர் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். கேமரா, நெட்வொர்க் வேலை செய்பவர், டவருக்குப் பதில் வை-ஃபை வழியாகவே அழைப்பு போகும் வை-ஃபை காலிங் போதும் என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர், சிம் கம்பெனியையே வரச்சொல்லி உள்ளே ஆன்டெனா போடச் சொல்லுங்கள் என்பார். மூன்றையும் இந்த வட்டாரக் கட்டடங்களோடு பொருத்திப் பார்க்கும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பூஸ்டர் வேண்டாம். தங்கும் விடுதிக்கும் கடைக்கும் ஒழுங்காகக் கேபிள் இழுத்த வை-ஃபை. ஆயிரம் பேர் கூடும் மண்டபத்துக்கு மட்டும் சிம் கம்பெனி.

முதலில் அளக்க வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை நம்பிச் செலவு செய்யக் கூடாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#*, சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் உண்மையான எண் தெரியும். நெட்மான்ஸ்டர் போன்ற செயலியும் போதும். பார்க்க வேண்டியது இரண்டு: ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர். முன்னது சிக்னலின் பலம், பின்னது அதன் சுத்தம். ஆர்எஸ்ஆர்பி டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும்; எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலியும். மைனஸ் 85 டிபிஎம் என்றால் நன்று. மைனஸ் 100 வரை தடையில்லாமல் பேசலாம். 110-ஐத் தாண்டினால் குரல் அறுபடும், 120-ல் ‘நோ சர்வீஸ்’. எஸ்ஐஎன்ஆர் பத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோடு நிறைய இருந்தும் எதுவும் ஓடாது.

கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் தலைமாட்டில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், கடைசியாக மாடியில் என்று ஒவ்வொரு இடத்திலும் நான்கு கம்பெனி சிம்மையும் போட்டு எழுதி வையுங்கள். எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே குறியுங்கள். மாடியில் மைனஸ் 80, அறையில் 118 என்றால் குறை கட்டடத்தில். மாடியிலேயே 112 என்றால் டவர் தூரம்; உள்ளே என்ன ஆன்டெனா மாட்டினாலும் பெருக்குவதற்குச் சரக்கு கிடையாது. மூன்றாவதாக ஒன்று உண்டு: 80 இருக்கும், ஆனால் முகூர்த்த நாளில் வாட்ஸ்அப் படம்கூடப் போகாது. அது நெரிசல். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கட்டடம் என்ன செய்கிறது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், கடியாபட்டி பக்கம் ஓட்டலாகிவிட்ட வீடுகளின் அமைப்பு ஊரறிந்தது. திண்ணை, முகப்பு, வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தாழ்வாரம் போன்ற பட்டாலை, அதை ஒட்டிய அறைகள், பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர். ஓர் அறைக்குள் இன்னோர் அறை இருக்கும் இடங்களில் உள்ளறைக்குச் சன்னலே இருக்காது. இப்படி ஒவ்வொரு சுவரும் பத்திலிருந்து இருபது டெசிபெல் வரை தின்னும். பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு, இருபது என்றால் நூறில் ஒரு பங்கு. வளவில் நின்றால் வானத்திலிருந்து இறங்கும் சிக்னல் அருமையாக இருக்கும். நாலடி தள்ளி உள்ளறைக்குப் போனால் செத்துப்போகும். அதனால்தான் விருந்தினர்கள் எல்லாரும் வளவுத் தூணில் சாய்ந்து நின்று பேசுகிறார்கள். அழகான காட்சிதான், ராத்திரி பதினொரு மணிக்கு அல்ல.

அலைவரிசையும் முக்கியம். ஜியோ 850-லும் ஏர்டெல் 900-லும் பிஎஸ்என்எல் 4ஜி 700-லும் தரும் தாழ்ந்த அலைகள் சுவரைக் கொஞ்சம் ஊடுருவும். 1800, 2100, 2300 போகப்போகத் தடுமாறும். 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி, ஒரே தூரத்தில் சுவரே இல்லாவிட்டாலும் 700-ஐவிட 13 டெசிபெல்லுக்கு மேல் குறைவாக வந்து சேரும். ஆனால் போன் அந்த மெலிந்த 5ஜி-யை விடாமல் பிடித்துத் தொங்கும், கைமாறும் நேரத்தில் அழைப்பு அறுபடும். வரவேற்பு மேசைப் போனையும் கல்லாப் போனையும் நெட்வொர்க் அமைப்பில் 4ஜி-க்கு மாற்றி வைப்பது காசில்லாத முதல் வைத்தியம்.

புது ஜவுளிக் கடைகளின் நோய் வேறு. முகப்பு முழுக்க அலுமினிய ஷீட், வெயிலுக்காக உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி, மேலே தகரக் கூரை. சுவர் மெலிசு என்றாலும் இந்த உலோகத் தோல் சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். கல்லா வழக்கமாகக் கடைசியில், படிக்கட்டுக்கு அடியில். கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

பூஸ்டர்: வாங்காதீர்கள்

ஆன்லைனில் சில ஆயிரத்திலிருந்து விற்கும் பெட்டி. மாடிக்கு ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி. பெட்டியில் ‘65 முதல் 70 டெசிபெல்’ என்று போட்டிருக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் இதை வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது மூன்றுமே சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொது அறிவிப்பாகவே சொல்லியிருக்கிறது. ‘பில் தர்றோம் சார்’ என்பதால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது. கடையின் பெயரில் அந்த பில் இருப்பது, மாட்டிக்கொண்டால் உங்களுக்கு எதிரான காகிதம்.

சட்டமே அனுமதித்தாலும் செட்டிநாட்டு வீட்டில் இது வேலை செய்யாது. காரணம் வளவு. உள் ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் சிக்னல் மாடி ஆன்டெனாவுக்குத் திரும்பிப் போகக் கூடாது. போனால் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்தது போலப் பெட்டி ஊளையிடும். இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே, பெருக்கத்தைவிட 15 டெசிபெல்லாவது கூடுதலான தடுப்பு வேண்டும். 65 பெருக்கத்துக்கு 80. பட்டாலையில் ஒன்று, ஓட்டுக்கு மேலே ஒன்று, திறந்த வளவு வழியாகப் பத்து மீட்டர் இடைவெளி என்றால் 1800 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் இழப்பு 57 டெசிபெல் சொச்சம். ஆன்டெனாவின் முதுகுப்புறம் தரும் பதினைந்தைக் கூட்டினாலும் 72. எட்டு குறைகிறது. 900-ல் இன்னும் ஆறு குறையும்.

கொஞ்சம் நல்ல பெட்டி என்றால் இதைக் கண்டுபிடித்துத் தானே பெருக்கத்தை இறக்கிக்கொள்ளும். அப்போது ஆன்டெனா தொங்கும் பட்டாலையில் மைனஸ் 85 காட்டும். விற்பவர் அங்கேதான் நிறுத்திப் பேசிக் காட்டுவார். இரண்டு சுவர் தாண்டிய உள்ளறையில் மைனஸ் 115-ஐ ஒட்டியே நிற்கும், அதாவது வாங்குவதற்கு முந்தைய நிலை.

மட்டமான பெட்டி இறக்கிக்கொள்ளாது. ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். ஊளையிடாவிட்டாலும், யாரும் பேசாத நேரத்தில்கூட அது டவரை நோக்கி இரைச்சலை அனுப்புகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கான இயல்பான இரைச்சல் மைனஸ் 104. பெட்டியே சேர்க்கும் இரைச்சல் 6, பெருக்கம் 65, மாடி ஆன்டெனா கூட்டும் 10, கேபிள் தின்னும் 3 எல்லாம் போக மைனஸ் 26 டிபிஎம் இரைச்சல் வெளியேறும். 400 மீட்டரில் டவர் நேராகத் தெரிந்தால், டவர் ஆன்டெனாவின் பெருக்கமும் சேர்ந்து அங்கே போய்ச் சேர்வது மைனஸ் 98 அல்லது 99. டவரின் சொந்த இரைச்சலே மைனஸ் 101-க்குப் பக்கம்தான். ஆக, உங்கள் ஒரு பெட்டி அந்தப் பக்கத்துத் தெரு முழுவதற்கும் டவரைச் செவிடாக்குகிறது. சிம் கம்பெனிக்காரர் திசைகாட்டும் ஆன்டெனாவோடு தேடி வருவது இதனால்தான். மதிப்பெண் போடுவதற்கே இடமில்லை.

வை-ஃபை காலிங்: விடுதிக்கும் கடைக்கும் இதுதான்

ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய சேவை. தனிக் கட்டணம் இல்லை, எந்தக் கம்பெனி பிராட்பேண்டாக இருந்தாலும் ஓடும். அதே எண், அதே டயலர், எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஓடிபி குறுஞ்செய்தியும் பெரும்பாலும் இதே வழியில் வந்துவிடும். போன் அமைப்பில் வை-ஃபை காலிங்கை ஆன் செய்தால் போதும். மற்ற சிம்களுக்கு அந்தப் பொத்தான் போனில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு மேலே போகலாம்.

சேவைக்குக் காசில்லை, காசு கேட்பது அடியில் போட வேண்டிய வை-ஃபைதான். முகப்பில் ஒரு ரவுட்டர், நடுவில் இரண்டு ரிப்பீட்டர் என்ற ஏற்பாட்டில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு நிற்காது. ஒவ்வொரு ரிப்பீட்டரும் வேகத்தைப் பாதியாக்கி, தாமதத்தைக் கூட்டும். ஒரு அழைப்புக்குத் தேவை வெறும் 100 கிலோபிட் அளவுதான். தேவை வேகம் அல்ல, சீர்.

பன்னிரண்டு அறை, இரண்டு கட்டு கொண்ட ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வை-ஃபையைப் பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் எட்டு பிடிக்கும்: இரண்டு அறைக்கு ஒன்றாக ஆறு, முகப்புக்கு ஒன்று, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒன்று. பட்டாலைச் சுவரில் மாட்டும்போது இரண்டு அறைக் கதவுகளுக்கும் நடுவில் வையுங்கள். தேக்குக் கதவு நாலைந்து டெசிபெல்தான் தின்னும், சுவரைப் போல அல்ல. அறைக்குள் அறை இருந்து, கட்டில் உள்ளே போடப்பட்டிருந்தால் அந்த அறைக்குத் தனியாக ஒன்று வேண்டும், தப்பிக்க வழியில்லை. இலக்கு, கதவு சாத்திய நிலையில் கட்டில் தலைமாட்டில் வை-ஃபை பலம் மைனஸ் 65. ஓமாடா, யூனிஃபை, ரெய்யீ ஆகிய மூன்று பிராண்டுமே இதற்குப் போதும்; எதையாவது ஒன்றையே முழுக்கப் போடுங்கள், கலக்காதீர்கள். ஒன்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும். வை-ஃபை 7 வாங்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், இந்தச் சுவர்களுக்கு அது எந்த வித்தையும் காட்டாது.

பணம் வீணாகும் இடம் கேபிள். கேட்-6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பியை 305 மீட்டர் பெட்டியாக விற்கிறார்கள். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கேபிளிலேயே மின்சாரமும் போக வேண்டியிருப்பதால், இந்தக் கம்பியில் அறுபது மீட்டர் தாண்டினால் மின்னழுத்தம் விழுந்து ஆக்சஸ் பாயின்ட் அடிக்கடி அணைந்து எழும். சுவிட்சும் அப்படித்தான். எட்டு போர்ட், மொத்தம் 65 வாட் தரும் பிஓஇ (கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும்) சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும். ஆக்சஸ் பாயின்ட் ஒன்றுக்கு 12 வாட் என்றால் எட்டுக்கு 96. பகலில் ஓடும், ராத்திரி அறைகள் நிறைந்து எல்லாம் முழு வேகத்தில் வேலை செய்யும்போது ஒன்றிரண்டு அணையும். ‘ராத்திரி மட்டும் வை-ஃபை போயிடுது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பதினாறு போர்ட், 120 வாட்டுக்கு மேல் என்று வாங்குங்கள்.

செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். தெருவிலிருந்து தெருவுக்கு நீளும் வீட்டில், சுற்றி வளைத்து இழுத்தால் மூன்றாங்கட்டு அதைத் தாண்டிவிடும். கட்டுக்குக் கட்டு ஃபைபர் போட்டு, அங்கே ஒரு சின்ன சுவிட்ச் வைப்பது நல்லது. இடி மின்னல் காலத்துக்கும் அதுவே காப்பு, ஓட்டுக்கு மேலே போகும் செம்புக் கம்பி ஒரு கோடை மழையில் மொத்த சுவிட்சையும் கொண்டுபோய்விடும்.

சுவரில் துளை போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு பெயர்ந்தால் அதே பளபளப்பு திரும்ப வராது, அதைச் செய்யத் தெரிந்த கொத்தனாரும் குறைவு. ஸ்குரூவுக்காக அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் அந்தப் பூச்சில் உறுதியாக நிற்காது. மேலே இருக்கும் காற்றுச் சன்னல், பழைய மின்கம்பி போன மரச்சட்டம், உத்தரத்தின் மேல்விளிம்பு, இந்த மூன்று வழியிலேயே முக்கால்வாசி வேலை முடியும். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துத் தரைக்கடியில் கொண்டுபோகலாம் என்று எவராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி அமைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே வை-ஃபை பெயர், ஒரே கடவுச்சொல். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டும், பலத்தைப் பாதிக்குக் குறைத்து. முழுப் பலத்தில் விட்டால் போன் முகப்பு ஆக்சஸ் பாயின்ட்டையே மூன்றாங்கட்டு வரை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். ஃபயர்வாலில் யுடிபி வகைப் போர்ட்களான 500, 4500 இரண்டும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். இவை அடைபட்டிருந்தால் இணையம் எல்லாம் ஓடும், வை-ஃபை காலிங் மட்டும் பதிவாகாது. வெளியே பேச முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கவில்லை என்றால் ரவுட்டரில் யுடிபி காத்திருப்பு நேரத்தை 300 விநாடிக்கு ஏற்றிப் பாருங்கள்.

ஓட்டல்காரர்கள் ஆசைப்பட்டுப் போடும் ஒரு வசதி, விருந்தினர் போன் எண்ணை அடித்து ஓடிபி வாங்கி உள்ளே வரும் பக்கம். வை-ஃபையில் சேரும் முன்னால் ஓடிபி வர டவர் வேண்டும். டவர் இல்லாததால்தானே வை-ஃபை! வெளிநாட்டு விருந்தினருக்கு இந்தியச் சிம்மே இருக்காது. அறைச் சாவியோடு கடவுச்சொல் அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பேசிக்கொண்டே திண்ணை தாண்டித் தெருவில் இறங்கும்போது அழைப்பு டவருக்கு மாற வேண்டும். தெருவில் டவர் பலமாக இருந்து, வை-ஃபை மெல்ல மங்கினால் மாறும். முகப்பு ஆக்சஸ் பாயின்ட் வாசல்வரை உரக்கக் கத்திவிட்டுச் சட்டென்று மறைந்தால் அறுபடும். பழைய பட்டன் போனுக்கு இந்த வசதி கிடையாது, சமையல்கட்டு ஆட்களிடம் அதுதான் இருக்கும். கரண்ட் போனால் எல்லாம் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாளை மனத்தில் வைத்து, ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பிஓஇ சுவிட்ச் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க வேண்டும். மொத்தம் 130 வாட் அளவு. 150 ஏஹெச் பேட்டரி ஒன்று பத்து மணி நேரம் தாங்காவிட்டாலும் எட்டைத் தொடும், வேறு எதையும் அதில் மாட்டாமல் இருந்தால்.

கடைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: பணம் வந்ததும் பேசும் சவுண்ட் பாக்ஸ். அதற்குள் தனியாகச் சிம் இருக்கிறது. வை-ஃபை காலிங் அதற்கு எந்த உதவியும் செய்யாது. கார்டு மெஷினும் அப்படியே. ஆண்ட்ராய்டு வகை மெஷினில் வை-ஃபை அமைப்பு இருக்கும், மாற்றிவிடலாம். சிம் மட்டுமே உள்ள பழைய மாடல் என்றால், நீங்கள் அளந்து எழுதிய தாளைப் பார்த்து, கல்லாவில் எந்தக் கம்பெனி பலமோ அந்தச் சிம் போட்ட மெஷின் வேண்டும் என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். சவுண்ட் பாக்ஸிலும் வை-ஃபை உள்ள மாடல் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். வாடிக்கையாளர் கியூஆர் ஸ்கேன் செய்ய அவர் போனில் டேட்டா வேண்டும் என்பதால், கல்லாவுக்கு மட்டும் ஒரு விருந்தினர் வை-ஃபை, கடவுச்சொல் எழுதிய பலகையோடு.

சிம் கம்பெனி போடும் ஆன்டெனா: மண்டபத்துக்கு

ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில் ஆவணியிலும் தையிலும் நடப்பது நெரிசல். ஒரு டவரின் ஒரு பக்கம் தாங்கும் அளவை ஒரே கூரை நிரப்பிவிடுகிறது. இதற்குப் பூஸ்டர் போடுவது, குழாயில் வரும் அதே தண்ணீருக்கு இன்னும் நாலு வாயைத் திறப்பதுதான். வேண்டியது புதிய கொள்ளளவு: கட்டடத்துக்குள்ளேயே ஒரு குட்டி நிலையம் அல்லது உரிமம் பெற்ற கம்பெனி போடும் பரவல் ஆன்டெனா அமைப்பு. அரை அங்குல ஃபீடர் கேபிள், ஸ்பிளிட்டர், கூரையில் 15, 20 மீட்டருக்கு ஒன்றாகக் கிண்ண வடிவ ஆன்டெனா. நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஆறரை டெசிபெல் குறையும் என்பதால் எத்தனை ஆன்டெனா, எங்கே என்பதை அவர்களின் வரைபடமே தீர்மானிக்கட்டும். கனெக்டர் ஒன்று சரியாக இறுகாவிட்டால்கூட அலைகள் ஒன்றோடொன்று கலந்து புது இரைச்சலை உண்டாக்கும். வேலை முடிந்ததும் அதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு லட்சங்களில். கம்பெனி தன் செலவில் போடுவது, அங்கே எவ்வளவு பேர் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் கொடுத்தால் ‘போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்பதோடு முடியும். நிறுவனங்களுக்கான பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: தள வரைபடம், சதுர அடி, நாளுக்கு எத்தனை பேர், முகூர்த்த நாளில் எத்தனை, அளவுத் தாள், கருவிக்கு ஆறுக்கு எட்டடி அறை, தனி மின் இணைப்பு, எர்த், மாடிக்கு ஏற அனுமதி. நூறடி ரோடு போல ஒரே வரிசையில் நாலைந்து கடையும் ஒரு மண்டபமும் சேர்ந்து எழுதினால் எடை கூடும். ஒரே கம்பெனிக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் வரியை அடித்துவிடுங்கள். கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்திருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் இதற்காகவாவது தளத்துக்குத் தளம் ஒரு செங்குத்துக் குழாய்ப் பாதையும், ஃபைபர் நுழைய இரண்டு வழியும் விட்டுவிடலாம். பிறகு உடைப்பதைவிட இப்போது நாலு பைப் மலிவு.

இருக்கிற மண்டபத்துக்கு, கம்பெனி பதில் வரும்வரை, மேடைக்கு இரண்டு, பந்திக்கு இரண்டு, முன்வாசலுக்கு ஒன்று என்று ஆக்சஸ் பாயின்ட் போட்டு, ஒன்றுக்கு ஐம்பது பேருக்கு மேல் சேராமல் வரம்பு வைத்தால் சமையல்காரர், போட்டோகிராபர், மொய் எழுதுமிடம் மூன்றும் ஓடும். விருந்தினர் எல்லாரையும் அதில் ஏற்ற நினைக்க வேண்டாம். கடவுச்சொல்லை அழைப்பிதழில் அச்சடிக்கவும் வேண்டாம்.